மறதி என்னும் பெயர்: டிமென்சியா வகைகளை அறிதலும் பேணலும் – காரைக்கால் அம்மையார் புராணத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

முதுமையில் அறிதிறன் படிப்படியாகக் குன்றும் நிலையைத் தமிழ்ப் பொதுவழக்கு ‘மறதி நோய்’ என்று சுட்டுகிறது. மருத்துவம் டிமென்சியா என வகுக்கும் இந்நிலை ஒரே நோயன்று. பல நோய்களின் தொகுதி. அவற்றுட் சில மறதியில் தொடங்குவதும் இல்லை. ‘மறதி’ என்னும் பெயர் ஏனைய வகைகளை அறியவொட்டாமல் மறைக்கிறது. அத்துடன், மறத்தலைக் குற்றமாகக் கருதும் அறநூல் மரபின் சுமையை நோயர்மேல் ஏற்றுகிறது. இவ்விரண்டையும் இக்கட்டுரை தொல்காப்பியம், திருக்குறள், பெரியபுராணம், பக்தி இலக்கியம் ஆகியவற்றின் துணையோடு ஆராய்கிறது. காரைக்கால் அம்மையார் புராணத்தில் அமைந்துள்ள ‘அறிதல்’ என்னும் கூறு, பேணலைப் புரிந்துகொள்ள மாற்றுப் பார்வை ஒன்றைத் தருகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: டிமென்சியா, மறதி, பொச்சாப்பு, காரைக்கால் அம்மையார், பெரியபுராணம், பேணல், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

நோய்க்கு இடும் பெயர் நோயைக் குறிப்பதோடு நில்லாது, எதை அறிகுறியாகக் கொள்ள வேண்டும் என்பதையும் அறிவுறுத்துகிறது. ‘நீரிழிவு’ என்ற சொல் சிறுநீரின்பால் கவனத்தைத் திருப்புவது போல, ‘மறதி நோய்’ என்ற சொல் நினைவின்பால் கவனத்தைத் திருப்புகிறது. வீட்டில் உள்ள முதியவர் சாவியை வைத்த இடத்தை மறக்கும்போது குடும்பம் விழித்துக்கொள்கிறது. அவர் நடையில் தளர்ந்தாலோ, இல்லாத மனிதர்களைக் கண்டாலோ, முன்னில்லாத முரட்டுத்தனத்தோடு பேசினாலோ அதை மறதி நோயோடு இணைத்துப் பார்க்க அப்பெயர் இடந்தருவதில்லை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்சியாவுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான முதுமை ஆய்வொன்று மதிப்பிட்டது. இத்துணைப் பெரிய எண்ணிக்கையினரின் நிலையைச் சுட்டும் சொல் பிழையான இடத்தில் விளக்கைப் பிடிக்குமாயின், அதன் விளைவு சொல்லாராய்ச்சியின் எல்லையைக் கடந்து வீடுகளைத் தொடுகிறது.

இவ்வாய்வு காரைக்காலை மையமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும் நிலத்தால் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு இடையே கடலோரத்தில் அமைந்த பகுதி அது. 2011 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 2 இலட்சம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, 1962இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்களின் தொடர்ச்சியால், பிள்ளைகள் கடல் கடந்தும் பெற்றோர் ஊரிலும் வாழும் வாழ்க்கை அங்குப் புதிதன்று. இவ்வூரே, உற்றாரால் அடையாளம் காணப்படாத உருவை ஏற்ற ஒரு பெண்ணின் வரலாற்றை ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவாகக் கொண்டாடுகிறது. ஒருவரை அறிதலும் அறியாமற்போதலும் என்ற வினா இவ்வூரின் பண்பாட்டு நினைவிலேயே உறைந்துள்ளது.

வகைகளும் முதல் அறிகுறிகளும்

1906 நவம்பரில் செருமானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண் நோயரின் மூளையில் கண்ட மாற்றங்களை டூபிங்கன் நகரில் விளக்கினார். 1910இல் எமில் கிரெப்பெலின் அந்நிலைக்கு அல்சைமர் நோய் எனப் பெயரிட்டார். டிமென்சியா நோயருள் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு இந்நோயே காரணம் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அண்மைக்கால நிகழ்ச்சிகள் முதலில் நழுவுதல், கேட்டதையே மீண்டும் கேட்டல், பழகிய தெருவில் வழி தவறுதல் ஆகியவை இதன் தொடக்க நிலைகள். பழைய நினைவுகள் நெடுநாள் எஞ்சும். ‘மறதி நோய்’ என்ற பெயர் பெருமளவு பொருந்துவது இவ்வகைக்கே.

குருதிக்குழாய் சார்ந்த டிமென்சியா இதனின் வேறுபட்டது. பக்கவாதத்தாலோ, நுண்குழாய்களில் நேரும் அடைப்புகளாலோ மூளையின் பகுதிகள் நலிவதால் இது தோன்றுகிறது. சரிவுப் பாதைபோல் அன்றிப் படிக்கட்டுப்போல் இறங்குதல் இதன் இயல்பு எனப் பொதுவாக விளக்குவர்: சில காலம் நிலைத்திருந்து, பின் திடுமெனக் குன்றும். திட்டமிடலிலும் செயலின் விரைவிலும் ஏற்படும் தளர்ச்சி மறதிக்கு முன்னரே தெரியலாம். உயர் குருதியழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தினால் மேலும் சரிவதைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ வாய்ப்புண்டு. ‘வயதானால் மறதி வரும்’ என்று அமைதி கொள்ளும் குடும்பம் இழப்பது இவ்வாய்ப்பையே.

பிரெடெரிக் லூயி 1912இல் விவரித்த புரதத் திரள்களின் பெயரால் அழைக்கப்படும் லூயி உருண்டை டிமென்சியாவில் நினைவு தொடக்கத்தில் ஓரளவு செம்மையாகவே இருக்கலாம். இல்லாத மனிதரையும் விலங்குகளையும் தெளிவாகக் காணுதல், ஒரே நாளில் தெளிவும் மயக்கமும் மாறிமாறி வருதல், நடுக்குவாதத்தை ஒத்த உடல் இறுக்கம், கனவில் நிகழ்வதை உறக்கத்திலேயே கைகால்களால் நடித்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவ்வகையைப் பிரித்தறிவது உயிர் காக்கும் செயல் என்றே சொல்லலாம். மனநோய்க்கென வழங்கும் சில மருந்துகள், குறிப்பாக ஹாலோபெரிடால் போன்றவை, இந்நோயருக்குக் கடுமையான தீங்கை விளைவிக்கக்கூடும். ‘காத்துக் கருப்பு’ என்று ஒதுக்குவதும், பிற மனநோய் எனத் தவறாகக் கணிப்பதும் இங்கு ஒருபோலக் கேடாகின்றன.

ஆர்னால்ட் பிக் 1892இல் விவரித்த நோயரிலிருந்து தொடங்கும் முன்நுதல் – பொட்டுமடல் டிமென்சியா, பெரும்பாலும் 45 முதல் 65 வயதிற்குள் தலைகாட்டுகிறது. இங்கு முதலில் மாறுவது குணம். கூச்சம் அகலுதல், பிறர் துயரில் ஈடுபாடின்மை, பணத்தைக் கண்மூடிச் செலவிடுதல், ஒரே உணவை வேண்டி நிற்றல் ஆகியவற்றை உற்றார் ஒழுக்கக்கேடு என்றே எண்ணுவர். மற்றொரு பிரிவில் சொற்களோ சொற்பொருளோ முதலில் அழியும். அல்சைமர் நோயில் பயன்படும் டொனபெசில் முதலிய மருந்துகள் இவ்வகையில் பயன் தருவதில்லை. அன்றாட ஒழுங்கைச் சீரமைப்பதும், பண நடவடிக்கைகளுக்குக் காப்பிடுவதும், குடும்பத்தாருக்கு நோயின் இயல்பை விளக்குவதுமே பேணலின் மையம்.

இவற்றுக்கு அப்பால், டிமென்சியாபோலத் தோன்றிச் சிகிச்சையால் சீராகக்கூடிய நிலைகளும் உள. பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, தலையில் அடிபட்டதால் மூளை உறைக்குக் கீழ்த் தேங்கிய குருதி, மனச்சோர்வு ஆகியவை அவற்றுட் சில. ஓரிரு நாள்களில் திடீரெனத் தோன்றும் குழப்பம் டிமென்சியாவின் இயல்பன்று. தொற்றோ மருந்தோ உப்புச்சத்துக் குறைவோ அதற்குக் காரணமாகலாம். அதற்கு உடனடி மருத்துவம் தேவை. பழந்தமிழ் மருத்துவ வழக்கு இத்திடீர் நிலையைச் ‘சன்னி’ எனத் தனிப்பெயரால் பிரித்தறிந்தது என்பது நோக்கத்தக்கது. அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் உளநோய்களைப் பதினெட்டாக வகுப்பதும் வகைப்படுத்தும் நாட்டம் இம்மரபுக்கு அயலானதன்று எனக் காட்டும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு அறிதிறனை ஆறு புலங்களாக வகுக்கிறது: கவனம், செயலாட்சி, கற்றலும் நினைவும், மொழி, புலனுணர்வு – இயக்கம், சமூக அறிதல். நினைவு ஆறனுள் ஒன்று. தமிழ்ப் பெயர் ஆறையும் ஒன்றாக்கிவிட்டது.

குற்றமாகிய மறதி

பெயரின் குறை அறிகுறிகளை மறைப்பதோடு முடிவதில்லை. ‘மறதி’ என்ற சொல்லுக்குத் தமிழில் நெடிய அறவியல் வரலாறு உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ‘பொச்சாப்பு’ என்பதை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் அதனைக் கடிந்து ‘பொச்சாவாமை’ எனப் பெயர் கொண்டது. மிகுந்த களிப்பால் தோன்றும் மறதி, அளவு கடந்த சினத்தைவிடத் தீயது என்று அவ்வதிகாரம் தொடங்குகிறது. மடியின்மை அதிகாரத்தில் காலம் நீட்டித்தல், சோம்பல், உறக்கம் ஆகியவற்றோடு மறவியும் அழிவோர் விரும்பி ஏறும் கலங்களுள் ஒன்றாகிறது. செய்ந்நன்றியறிதலில், பிறர் செய்த நன்மையை மறத்தல் அறமன்று என்றும் தீமையை அன்றைக்கே மறத்தல் நல்லது என்றும் கூறப்படுகிறது.

இக்கூற்றுகள் அனைத்தினும் ஒரு முற்கோள் பொதுவாக உள்ளது: மறத்தல் ஒருவனது விருப்பத்திற்கு உட்பட்டது. முயன்றால் மறவாதிருக்கலாம், முயன்றால் மறக்கவும் செய்யலாம். வள்ளுவர் பேசுவது ஆள்வோனின் கவனக்குறைவையும் நன்றிகேட்டையும் பற்றியே, நோயைப் பற்றியன்று. ஆதலின் குறளைக் குறை கூறுதற்கு இடமில்லை. அறவுரைக்குரிய சொல்லை நோய்ப்பெயராக்கிய பிற்கால வழக்கே திறனாய்வுக்குரியது. ‘என்னை மறந்துவிட்டாயா?’ என்ற வினா தமிழில் எப்போதும் பாதி வசையாகவே ஒலிக்கிறது. வயிற்றில் பிறந்த மகளின் பெயர் தாயின் நாவில் வாராதபோது, அவ்வசையின் நிழல் நோய் என்ற விளக்கத்தையும் மீறி விழுகிறது. ‘வேண்டுமென்றே செய்கிறார்’ என்ற குற்றச்சாட்டு நோயர் உள்ள வீடுகளில் எழுவதற்குச் சொல்லின் இவ்வரலாறும் ஒரு காரணமாகலாம்.

இதே இலக்கண மரபு மற்றொரு வழியையும் திறந்துவைத்துள்ளது. தொல்காப்பியக் களவியல், வேட்கையில் தொடங்கும் நிலைகளை வரிசைப்படுத்தி இறுதியில் மறத்தல், மயக்கம், சாக்காடு என முடிக்கிறது. காதலின் நிலைகளாகச் சொல்லப்பட்டவற்றை நோய்க்குறிப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் மறத்தலும் மயக்கமும் ஒன்றல்ல, தனித்தனி நிலைகள் என்ற நுண்மை அவ்வரிசையில் தெளிவாக உள்ளது. காண்பன எல்லாம் மனத்தில் உள்ளதாகவே தோன்றும் நிலையும் அங்குத் தனியே எண்ணப்படுகிறது. நினைவு, தெளிவு, காட்சி ஆகியவை தனித்தனியே பிறழக்கூடும் என்ற அறிவைத் தமிழ் பெற்றிருந்தது. பொதுவழக்கு அதனைப் பயன்கொள்ளவில்லை.

உடலாகிய முதுமை

பழந்தமிழ் இலக்கியத்தின் முதுமைச் சித்திரங்கள் பெரிதும் உடலைப் பற்றியவை. மணிமேகலையின் உதயகுமாரனைக் காஞ்சனன் வாளால் எறிந்த காதையில், காயசண்டிகை வடிவில் உள்ள மணிமேகலை நரைத்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டிக் கூந்தல் முதலாக உறுப்பு உறுப்பாக அழகின் அழிவை எடுத்துரைக்கிறாள். யாக்கை நிலையாமையே அங்குப் பாடுபொருள். அம்மூதாட்டியின் அறிவு எந்நிலையில் உள்ளது என்ற வினா எழவில்லை. புறநானூற்றின் 243ஆம் பாடலில், கோலூன்றி நடுங்கி இருமலுக்கிடையே பேசும் முதியவர், மகளிரோடு விளையாடியதையும் மடுவில் குதித்து மணல் அள்ளி வந்ததையும் துல்லியமாக நினைவுகூர்கிறார். அக்கோலைச் சுட்டிய தொடராலேயே புலவரும் தொடித்தலை விழுத்தண்டினார் எனப்பட்டார்.

உடல் போனாலும் நினைவு நிற்கும் என்பதே இம்மரபின் எதிர்பார்ப்பு. முதியவர் என்றால் நினைவின் காவலர் என்ற மதிப்பும் அதிலிருந்தே எழுகிறது. உடல் நின்று நினைவு போகும் நிலைக்கு இச்சித்திரங்களில் இடமில்லை. அவ்விடத்தை நிரப்ப வேறு வகைப் பிரதியை நாட வேண்டியுள்ளது.

காரைக்கால் அம்மையார்: அறிவோரும் அறியாதோரும்

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின்படி, காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. கணவன் நாகையைச் சேர்ந்த பரமதத்தன். அவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளுள் ஒன்றைச் சிவனடியார்க்கு அளித்தபின், இறையருளால் மற்றொன்று பெற்றுக் கணவனுக்குப் படைத்தார். உண்மை அறிந்த பரமதத்தன் இவர் மானுடப் பெண்ணல்லர் எனத் துணிந்து, கடல் வாணிகத்தைக் காரணங்காட்டிப் பிரிந்து, பாண்டிநாட்டில் மறுமணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி எனப் பெயரிட்டான். உறவினர் அம்மையாரை அழைத்துச் சென்றபோது மனைவி மகளோடு அடிவீழ்ந்து வணங்கினான். கணவனுக்காகத் தாங்கிய அழகிய உடலை உதறிய அம்மையார் பேயுரு ஏற்றார்.

இவ்வரலாற்றை நோய்க்கதையாகப் படித்தல் பிழை. அம்மையார் உருவை இழந்தவர் அல்லர், வேண்டித் துறந்தவர். அற்புதத் திருவந்தாதியின் 101 பாடல்கள் தெளிந்த சிந்தையின் ஆக்கங்கள். அடியார்களின் பக்தி அனுபவத்தைப் பிற்கால மருத்துவச் சொற்களால் கணிக்கும் போக்கு, இலக்கியத்திற்கும் மருத்துவத்திற்கும் ஒருங்கே தீங்கு செய்வது. இங்குக் கருதத்தக்கவர் மாறிய அம்மையார் அல்லர். மாறிய ஒருவரை எதிர்கொள்ளும் ஏனையோர்.

சேக்கிழார் அவர்களை மூன்று நிலைகளில் நிறுத்துகிறார். முதல்வன் கணவன். அவன் அம்மையாரைப் பழிக்கவில்லை, தெய்வமென வணங்குகிறான். ஆயினும் பிரிந்து போகிறான். வணக்கமும் ஒருவகைக் கைவிடலாகலாம் என்பதை இப்புராணம் உரத்துச் சொல்லாமலே உணர்த்துகிறது. மகளுக்கு இட்ட பெயரில் நினைவைப் போற்றும் அவன், அப்பெயருக்கு உரியவரோடு வாழ்தற்கு ஆற்றலற்றவனாகிறான். அடுத்து நிற்போர் சுற்றத்தார். அவர்கள் பேயுருவைக் கண்டு தொழுது, அஞ்சி, அகல்கின்றனர். தொழுகையும் அச்சமும் அகல்வில் முடிகின்றன.

முதியோர் பேணலில் இவ்விரு நிலைகளும் இன்றும் காணத்தக்கவை. நோயரைத் ‘தெய்வம்’ என்றோ ‘குழந்தை’ என்றோ அழைத்தல் அன்பின் வெளிப்பாடுதான். ஆனால் இரு சொற்களும் அவரை நேற்றுவரை இருந்த உறவிலிருந்து நீக்கிவிடுகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் பணமும், ஆண்டுக்கொரு முறை வரும் மகனின் வணக்கமும் பொய்யல்ல. அன்றாடப் பேணல் மட்டும் உடனிருக்கும் மனைவியின், மகளின், மருமகளின் தோளில் விழுகிறது.

மூன்றாம் நிலை கயிலையில் நிகழ்கிறது. செல்லும் வழியில் கண்டோர் அஞ்சி ஓடியபோது, இறைவன் தம்மை அறிவாராயின் அறியாத மக்கள் முன் தாம் எவ்வுருவில் இருந்தால்தான் என்ன என்று அம்மையார் எண்ணுவதாகச் சேக்கிழார் பாடுகிறார். எலும்புருவாய் வரும் இவர் யாரென உமை வினவ, தம்மைப் பேணும் அம்மை என்று இறைவன் விடையிறுக்கிறான். பிறகு ‘அம்மையே’ என்று அழைக்கிறான். உருவைக் கொண்டு அறிந்தவர்கள் அகன்றனர். உறவைக் கொண்டு அறிந்தவன் அழைத்தான்.

பேணலுக்கு இப்பிரதி தரும் ஒளி இவ்விடத்தில் உள்ளது. டிமென்சியா நோயரிடம் உற்றார் அடிக்கடி கேட்பது ‘நான் யார், தெரிகிறதா?’ என்ற வினா. அறியும் கடமையை அது நோயர்மேல் வைக்கிறது. விடை தவறும்போது நோயர் நாணுகிறார், கேட்டவர் புண்படுகிறார். கயிலைக் காட்சி அக்கடமையை இடம் மாற்றுகிறது. ‘நான் உங்கள் மகள், அம்மா’ என்று முதலில் தன்னை அறிவித்துக்கொண்டு உறவுப்பெயரால் அழைத்தலே டிமென்சியா பேணலில் வற்புறுத்தப்படும் முறை. ‘பேணுதல்’ என்ற வினை அம்மையாருக்கே உரியதாக ஆளப்படுவதும் கருதத்தக்கது. பேணப்படும் நிலையில் இன்று இருப்பவர் ஒரு காலத்தில் பேணியவர் என்பதை அது மறக்கவிடுவதில்லை.

மறவாமையும் மறப்புக்கு முன்னேற்பாடும்

இப்புராணத்தில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. இறைவனிடம் அம்மையார் வேண்டுவன: இறவாத இன்ப அன்பு; பிறவாமை; மீண்டும் பிறப்பு நேரின் அவனை என்றும் மறவாமை; ஆடும்போது அடியின்கீழ் இருத்தல். மறவாமை இங்கு உயிரின் இறுதி உடைமை. நினைத்தலே பக்தி எனின், நினைக்க இயலாதவரின் நிலை யாது? நாள்தோறும் பதிகம் ஓதிய ஒருவர் சிவநாமத்தையும் மறக்கும்போது, ஐவேளைத் தொழுகையில் வழுவாத ஒருவர் ஓதுமுறையை மறக்கும்போது, உற்றார் அடையும் கலக்கம் மருத்துவ விளக்கத்தால் மட்டும் தீர்வதன்று. கைலாசநாதர் கோயிலும் மஸ்தான் சாகிப் தர்காவும் உள்ள காரைக்காலில் இது இரு சமயத்தார்க்கும் பொதுவான வினா.

பக்தி இலக்கியத்திலேயே இதற்கு விடை தேடலாம். சுந்தரர் திருப்பாண்டிக்கொடுமுடிப் பதிகத்தில், தான் மறந்தாலும் தன் நா ஐந்தெழுத்தைச் சொல்லும் என்கிறார். நினைவை நெஞ்சிலிருந்து நாவுக்கு இடம் மாற்றும் கூற்று இது. நிகழ்ச்சி நினைவு அழிந்தபின்னும் பழக்கத்தால் உடலில் ஊறிய பாட்டும் வழிபாட்டு மொழியும் நெடுநாள் எஞ்சுவதை மருத்துவர் குறிப்பிடுகின்றனர். மகனின் பெயரைச் சொல்ல இயலாதவர், தொடங்கிக் கொடுத்தால் முழுப் பாட்டையும் பாடி முடித்தல் அரிதன்று. பாட்டு, பூத்தொடுத்தல், கோலமிடுதல் போன்ற பழகிய செயல்களைப் பேணலில் பயன்படுத்துதற்கு இதுவே அடிப்படை.

பெரியாழ்வார் இன்னும் ஒருபடி மேற்செல்கிறார். திருவரங்கத்து இறைவனை நோக்கிப் பாடிய பாசுரத்தில், தளர்ச்சி வந்து நலியும் காலத்தில் உன்னை நினைக்க மாட்டேன். ஆதலால் அந்நாளைக்கு இன்றே சொல்லிவைத்தேன் என்கிறார். மறதி வரும் என்பதை ஒப்புக்கொண்டு, தெளிவுள்ளபோதே தன் விருப்பத்தைப் பதிவு செய்யும் இக்கூற்றில் குற்றவுணர்வு இல்லை, முன்னேற்பாடு உள்ளது. இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தமக்கு எவ்வகை மருத்துவம் வேண்டும், வேண்டா என்பதையும் தம் சார்பில் முடிவெடுப்போர் யார் என்பதையும் முன்கூட்டி எழுதிவைக்கும் உரிமையை வழங்குகிறது. அச்சட்டம் மனநோயை வரையறுக்கையில் சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, இட – கால உணர்வு, நினைவு என ஐந்தையும் எண்ணுகிறது. தொடக்க நிலையிலேயே நோய் அறியப்பட்டாலன்றி இவ்வுரிமை பயன்படாது. வகையறிதல் தாமதமாகும் ஒவ்வோராண்டும், நோயர் தம் குரலில் பேசக்கூடிய காலத்திலிருந்து கழிகிறது.

பெயரிடுதல்

நோய்ப்பெயரை மாற்றுதல் வீண் வேலை என்பார் உளர். சப்பான் அரசு 2004இல் இழிபொருள் தந்த ‘சிஹோ’ என்ற சொல்லைக் கைவிட்டு, அறிதல் சார்ந்த நோய் எனப் பொருள்படும் ‘நின்சிஷோ’ என்ற சொல்லை ஏற்றது. டிமென்சியா என்ற இலத்தீன் வேரும் ‘மனம் நீங்கிய நிலை’ என்றே பொருள்படும். பெயர் குறித்த தயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று.

ஈழத்தமிழில் முதுமைத் தடுமாற்றத்தை ‘அறளை பெயர்தல்’ என்பர். கன்னட வழக்கில் அறுபதாம் வயதோடு இணைத்துச் சொல்லப்படும் ‘அரளு மரளு’ இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இச்சொற்கள் மறதியைச் சுட்டாமல் நிலைபெயர்தலைச் சுட்டுகின்றன. அவ்வகையில் ‘மறதி நோய்’ என்பதைவிட அகன்ற பொருளுடையன. எனினும் ஏளனக் குறிப்பு ஏறிவிட்டதால் மருத்துவ மேசைக்கு உதவா.

பொதுப்பெயராக ‘அறிதிறன் நலிவு’ என்பதை இக்கட்டுரை முன்மொழிகிறது. ‘நலிவு’ குற்றம் சுமத்தாத சொல். பெரியாழ்வார் பாசுரத்தில் தளர்ச்சியின் வினையாக வருவதும் நலிதலே. அதன்கீழ் நினைவு நலிவு, காட்சிப் பிறழ்வு, குண மாற்றம், சொல்லிழப்பு, செயற்றளர்ச்சி என முதல் அறிகுறிகளைத் தனித்தனியே பெயரிடலாம். நோயின் துல்லியமான பெயரை மருத்துவர் முடிவு செய்வார். எதைக் கண்டு மருத்துவரை நாடுவது என்பதைக் குடும்பத்துக்குச் சொல்வதே இப்பெயர்களின் பணி.

ஆய்வுக் கருவிகளுக்கும் இது பொருந்தும். 1998இல் கொச்சியில் உருவான 10/66 டிமென்சியா ஆய்வுக்குழு, எழுத்தறிவு சார்ந்த தேர்வுகள் கல்லாதாரைத் தவறாக நோயராக்கும் என்பதை உணர்ந்து, கல்வி வேறுபாட்டால் பிறழாத கருவிகளை வடிவமைத்தது. அதன் களங்களுள் சென்னையும் ஒன்று. எழுத்தறியாத ஒரு முதியவளிடம் வினவத்தக்கது வாசிப்பைப் பற்றியன்று. குழம்புக்குப் புளி கரைத்தாளா, கடைக்காரரிடம் மீதிப்பணம் எண்ணினாளா என்பனவே. ‘மறதி உண்டா?’ என்ற ஒற்றை வினாவுக்கு ‘வயதாகிவிட்டதே’ என்ற ஒற்றை விடைதான் கிடைக்கும்.

முடிவுரை

‘மறதி நோய்’ என்ற பெயர் அல்சைமர் நோயின் தொடக்கத்திற்குப் பொருந்தும். குருதிக்குழாய், லூயி உருண்டை, முன்நுதல் – பொட்டுமடல் வகைகளை மறைக்கும். அம்மறைப்பால் தடுக்கத்தக்க சரிவு தடுக்கப்படாமலும், தீங்கான மருந்து தவிர்க்கப்படாமலும், நோயால் மாறிய குணம் ஒழுக்கக்கேடாகவும் ஆகின்றன. பொச்சாப்பைக் கடிந்த அறமரபு நோயரைக் குறித்துப் பேசவில்லையெனினும், அதன் சொல் நோய்ப்பெயரானபோது அதன் பழியும் உடன்வந்தது.

இப்பழியை நீக்குதற்குரிய பார்வையும் தமிழிலேயே உள்ளது. நாவில் ஊறியது நெஞ்சு மறந்தபின்னும் எஞ்சும் என்ற சுந்தரரின் உறுதி, மறக்கப்போகும் நாளுக்கு இன்றே சொல்லிவைத்த பெரியாழ்வாரின் தெளிவு, மாறிய உருவின்முன் உறவைச் சொல்லி அழைத்த கயிலைக் காட்சி ஆகிய மூன்றும் பேணலின் மூன்று வழிகளாகின்றன. காரைக்காலில் அரசு பொது மருத்துவமனையும் 2016 முதல் சிப்மரின் மருத்துவக் கல்லூரிக் கிளையும் உள்ளன. அங்குச் சேர்வதற்குமுன் ஒரு குடும்பம் கடக்க வேண்டிய முதல் வாயில், ‘இது வயதின் மறதி’ என்ற சொல். அவ்வாயிலைத் திறப்பதில் மருத்துவரோடு தமிழாய்வாளருக்கும் பங்குண்டு.